லீவு நாளில் காட்டிய மூச்சு

எங்கள் கம்பெனியில் பெண்கள் உடம்புக்கு வருவதையெல்லாம் லீவு நாளுக்கு ஒதுக்கி வைப்போம். பல்வலி, கண்ணெரிச்சல், முழங்கால், கர்ப்பப்பை, எதுவாக இருந்தாலும் சரி. வேலை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அட்டெண்டன்ஸ் போய்விடும். லைனில் நம் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்து அவளை எழுப்பச் சொல்லி சூப்பர்வைசர் எதிரில் நிற்க வேண்டும். அதனால் வலி வந்தால் வலிக்கே ஒரு தேதி சொல்லிவிடுவோம். "பக்ரீத்துக்கு லீவு வுடுவாங்க, அப்ப பாத்துக்கலாம்." பண்டிகைக்கு மறுநாள் ஆம்பூரில் எந்தக் கிளினிக் பெஞ்சிலும் எங்கள் லைன் ஆட்கள்தான். ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "நீயுமா?" என்று சிரித்துக்கொள்வோம்.

மற்ற நோய்களுக்கு இந்த வழக்கம் சரிப்பட்டது. பல் லீவு நாளிலும் வலிக்கும். என் மூச்சுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. அது எனக்குப் புரிவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தமிழ் நன்றாகப் படிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், வார்த்தை தெரியாது. ஷூ கம்பெனியில் அது போதும். ஆர்ட்டிகிள் நம்பரும் சைஸும் படித்தால் வேலை ஓடும். பேஸ்டிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் இருந்தேன். வெட்டின தோலும் உள்ளே வைக்கிற துணியும் தனித்தனியாக வரும். இரண்டின் ஓரத்திலும் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, காயவிட்டு, மடித்து ஒட்டி, சின்ன சுத்தியால் தட்டி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். சொல்யூஷன் என்று நாங்கள் சொல்வது பசையை. சில ஆர்டருக்கு அது சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று ஹார்டனர் என ஒன்றைக் கலப்பார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

முதலில் தும்மல்தான். திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூக்கில் தண்ணீர் ஊற்றும். புதன்கிழமை நெஞ்சை யாரோ துணியால் இறுக்கிக் கட்டின மாதிரி ஆகும். வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது உள்ளே கொய்ங் என்று ஒரு சத்தம். பக்கத்து சீட்டுக்காரி தன் போன்தான் அடிக்கிறதோ என்று பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் சரியாகிவிடும். ஓய்வு எடுத்தால் யாருக்கும் சரியாகும்தானே என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். மகன் ஸ்கூலிலிருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானால் அதற்குள் மனசில் அவனை நாலு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அப்படிப்பட்டவள் என் சொந்த மூச்சைப் பற்றி மட்டும் ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்டால், சும்மா இல்லை. வேறு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் "அன்ஃபிட்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. யாரை அனுப்பினார்கள், எப்போது அனுப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் அந்தப் பேச்சு தெரியும்.

கடைசியில் சூப்பர்வைசரே வாயைத் திறந்தார். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை.

"அக்கா, ஒரு மணிக்கு அப்புறம் உங்க டேபிள்ல பீஸ் தேங்குது. இன்னா சமாச்சாரம்?"

"சளி சார்."

"ரெண்டு வருஷமா ஒரே சளியா? பேக்கிங்ல ஒரு ஆள் கம்மியா இருக்குது. அங்க சொல்யூஷன் வாசன இல்ல. டாக்டர் பேப்பர் ஒண்ணு கொண்டாங்க, எச்.ஆர்ல பேசி மாத்தி வுடறேன். பேப்பர் இல்லாம மாத்துனா நாளைக்கு லைன் மொத்தமும் நெஞ்சப் புடிச்சினு வந்து நிக்கும்."

ஒரு பேப்பர். அது கிடைத்தால் அட்டைப்பெட்டிகளும் டிஷ்யூ தாளும் இருக்கிற ஹாலில் உட்கார்ந்து மூச்சு விடலாம். கிடைக்காவிட்டால் இந்த டேபிள்தான், இந்த பிரஷ்தான், எவ்வளவு நாள் தாங்குகிறதோ அவ்வளவு நாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனாலும் வேலை நாளில் போக மனசு வரவில்லை. நல்ல வேளையாக என்று அப்போது நினைத்தேன், ஆர்டர் இல்லை என்று ஒரு வாரம் லைனை நிறுத்தினார்கள். முதல் நான்கு நாள் வீடு கழுவினேன், மெத்தையை வெயிலில் போட்டேன், தூங்கினேன். ஐந்தாம் நாள் குளித்து, நல்ல புடவை கட்டி, வேலூருக்கு பஸ் ஏறினேன். ஆம்பூரில் காட்டினால் தெரிந்தவர்கள் இருப்பார்கள், கம்பெனிக்குச் சேதி போய்விடும் என்று பயம். கம்பெனி கார்டைக்கூட எடுத்துப்போகவில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு பெண்ணாகப் போய் வரிசையில் நின்றேன்.

பதிவு ஜன்னலில் இருந்த பெண் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டாள். தலையைத் தூக்காமல், "என்ன வேலை?" என்றாள்.

"வீட்லதான் இருக்கேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை.

டாக்டர் சின்ன வயது அம்மா. நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். "இப்ப சத்தம் ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கடையில் கொண்டுபோய்க் காட்டும்போது மட்டும் நன்றாக ஓடுகிற மிக்ஸி மாதிரி. "நிஜமாவே மூச்சு வாங்கும் மேடம்" என்று கெஞ்சினேன்.

"வீட்ல பூனை, நாய் இருக்கா?"

"இல்ல மேடம்."

"கொசுவர்த்தி? விறகு அடுப்பு?"

"கேஸ்தான்."

"பெருக்கும்போது தும்மல் வருமா?"

வரும். யாருக்குத்தான் வராது? வரும் என்றேன். அவர் எழுதினார். ஒரு இன்ஹேலர் கொடுத்தார். சூப்பர்வைசர் கொடுத்திருந்த ஃபாரத்தில் கம்பெனி பேர் இல்லை; இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று சொல்லி அதை நீட்டினேன். அதில் நோயின் பெயருக்கு ஒரு கட்டம், நோயின் நம்பருக்கு ஒரு கட்டம். சாயங்காலம் சீல் போட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கம்பெனி திறந்து மூன்றாம் நாள் எச்.ஆர் ஆபீஸில் கொடுத்தேன். அங்கே இருந்த தம்பி படித்தார். மறுபடியும் படித்தார். சிரிப்பை அடக்கினார்.

"அக்கா, இதுல ஆஸ்துமான்னு போட்டிருக்கு. வீட்டு தூசி அலர்ஜி, கேள்விக்குறி. வேலைன்னு இருக்கற எடத்துல ஹவுஸ் வைஃப்னு போட்டிருக்கு."

அந்தக் கட்டத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"நீங்க நம்ம கம்பெனியிலதான வேல செய்றீங்க? இல்ல, பதினோரு வருஷமா சும்மா வந்துனு போறீங்களா?"

பக்கத்து மேஜைக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

"வீட்டு தூசிக்கு கம்பெனி இன்னாக்கா பண்ணும்? வீட்ட நல்லா பெருக்குங்க. இத வச்சுனு மேனேஜர்கிட்ட போனா என்னைக் கேப்பாரு."

பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். அன்று புதன்கிழமை. டேபிளுக்குப் போய் பிரஷ்ஷை எடுத்தபோது நெஞ்சு ஏற்கெனவே கட்ட ஆரம்பித்திருந்தது.

என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. டிகிரி முடித்து மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை, வீட்டிலிருந்தே. முன் அறையில் இரண்டு கம்ப்யூட்டர் திரை, காதில் ஹெட்செட் என்று ஒரு மாட்டல். அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு டாக்டர் எழுதிய சீட்டு இவளுக்கு வரும். அதைப் படித்து எந்த நோய்க்கு எந்த நம்பர் என்று இவள் போடுவாள். நம்பர் போட்டால்தான் அங்கே இன்ஷூரன்ஸ் நகரும். நாள் முழுக்க அதுதான். சில நாள் அவளுக்கு மூச்சு சம்பந்தமான சீட்டுகளாகவே வரும். பின் கட்டில் நான் இருமிக்கொண்டிருப்பேன், முன் அறையில் அவள் எவருடைய இருமலுக்கோ நம்பர் தேடிக்கொண்டிருப்பாள். நாங்கள் இருவரும் இதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பேப்பரை அவள் மேஜையில் வைத்தேன். மாட்டலைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"ஜே ஃபார்ட்டிஃபைவ் பாயின்ட் நைன்."

"அப்டின்னா?"

"ஆஸ்துமா, அன்ஸ்பெசிஃபைட்."

"பெரிய வியாதியா?"

"பெருசு சின்னதுன்னு இதுல இல்ல அண்ணி. எந்த மாதிரி ஆஸ்துமான்னு யாரும் எழுதலன்னு அர்த்தம்."

"ஒண்ணும் தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு நம்பரா?"

"அந்த நம்பர்தான் எங்களுக்கு ஜாஸ்தி வரும்."

அவளுடைய திரையில் பட்டியலைக் காட்டினாள். மூக்கு ஒழுகுவதற்கே ஒரு வரிசை. பூவின் மகரந்தத்தால் வந்தால் ஒரு நம்பர். சாப்பாட்டால் வந்தால் ஒரு நம்பர். நாய், பூனை முடியால் வந்தால் அதற்கும் தனி நம்பர்.

"நாய் மயிருக்கு நம்பர் இருக்குதா?"

"அங்க நாய கட்டில்ல படுக்க வச்சுப்பாங்க அண்ணி."

"ஆட்டுத்தோலுக்கு? சொல்யூஷனுக்கு?"

கொஞ்ச நேரம் தேடினாள். "தனியா இல்ல. 'மத்தது'ல வரும்."

"மத்ததும் இந்த ஒன்பதும் ஒண்ணுதானே?"

"இல்ல. மத்ததுன்னா இன்னதுன்னு தெரியும், அதுக்குத் தனி நம்பர் இல்ல. இதுன்னா இன்னதுன்னே சொல்லல."

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. எங்கள் செக்கிங் டேபிளில் ரிஜெக்ட் சீட்டு ஒன்று உண்டு. நூல் பிரிந்தது, பசைக் கறை, சுருக்கம் என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். அதில் எதிலும் சேராத குறை என்றால் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் என்ன குறை என்று எழுத வேண்டும். ஒன்றும் எழுதாமல் டிக் மட்டும் போட்டால் அந்த ஷூ எந்த டேபிளுக்கும் திரும்பாது. யார் சரி பண்ணுவது என்று தெரியாமல் மூலையில் கிடக்கும். என் பேப்பரும் அப்படித்தான் கிடந்தது.

"சரி பாப்பா" என்றேன். வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். "நீதான் நாள் முழுக்க இதப் போடறியே. இந்த ஒன்பத மாத்தி, கம்பெனியால வந்துச்சுன்ற நம்பரப் போட்டுக் குடு. அதே மாதிரி டைப் பண்ணிக்கலாம்."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "இன்னா பேசறீங்க அண்ணி?"

"ஒரு நம்பர்தானே."

"டாக்டர் எழுதாதத நான் போட்டா என் வேல போய்டும்."

"இது இன்னா அமெரிக்கா பேப்பரா? வேலூர் பேப்பர். யார் பாக்கப் போறாங்க?"

"எந்த ஊரா இருந்தா இன்னா? அந்தாளு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லி, டாக்டர் வயித்து வலின்னு எழுதுனாக்கூட நான் வயித்து வலிக்குத்தான் நம்பர் போடணும். சந்தேகம் இருந்தா டாக்டரத்தான் கேக்கணும், நானா மாத்தக் கூடாது. டாக்டர் நீங்க சொன்னதத்தான் எழுதியிருப்பாங்க. நீங்க இன்னா வேலன்னு சொன்னீங்க?"

நான் புடவைத் தலைப்பை மடித்தேன், பிரித்தேன்.

"வீட்லதான் இருக்கேன்னு சொன்னேன்."

"ஐயோ அண்ணி."

"நீ ஈஸியா ஐயோன்னு சொல்லுவ. ஃபேன் கீழ உக்காந்து வேல செய்ற. எனக்கு பேக்கிங் கெடைக்கலன்னா நான்தானே சாவணும்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் மாட்டலைக் காதில் மாட்டிக்கொண்டாள். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. டீயை மேஜையில் வைப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் டம்ளரைக் கழுவ வந்தவள், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கம்பெனி போற நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. வார நடுவுல. டேபிள்லேர்ந்து எழுந்து நேரா. குளிக்காதீங்க, புடவைய மாத்தாதீங்க. நாலு நாள் ஓய்வெடுத்துட்டுப் போய்க் காட்டினா அவங்களுக்கு இன்னா தெரியும்?"

"அட்டெண்டன்ஸ்..."

"போவட்டும். அப்புறம் அந்த ஹார்டனர் டப்பா மேல இன்னா எழுதியிருக்குதுன்னு போட்டோ எடுத்துனு போங்க."

போட்டோ எடுக்க முடியாது. போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் கையால் எழுதினேன். ஹார்டனர் டப்பா கலக்கிற மேஜையில் இருக்கும். அங்கே போக எனக்கு வேலை இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தையைப் பார்த்து, மனசில் எழுத்து எழுத்தாக வைத்துக்கொண்டு வந்து, டிஷ்யூ தாளில் எழுதுவேன். சில வார்த்தைகள் ரயில் மாதிரி நீளம். பாதியில் மறந்துவிடும், மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போவேன். மூன்று நாள் ஆனது. என் பக்கத்தில் உட்காருகிறவள் ஆலங்காயத்திலிருந்து வருகிற பெண். அவள் கவனித்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஒரே தாகமா கீது? கலக்கற அண்ணனுக்கு லவ் லெட்டரா?"

"சும்மா இரு."

"இவ்ளோ தண்ணி குடிச்சுட்டு பாத்ரூம் போவல பாரு, அதான் சந்தேகம்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கடைசி வரியை அவளே போய்ப் பார்த்துவந்து சொன்னாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்டு வேலூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். "போன தடவை தப்பாச் சொல்லிட்டேன் மேடம்." பொய் சொன்னதற்குத் திட்டுவார்களா? ஆஸ்பத்திரியில் பொய் எழுதவைத்தால் கேஸ் போடுவார்களா? பள்ளிகொண்டா தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போனாள். என் மேல் பசை வாசனை. நெஞ்சு கொய்ங் என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று கவலைப்பட்டேன்.

அதே டாக்டர். நான் மனப்பாடம் செய்தது மறந்துபோயிற்று. "மேடம், நான் ஷூ கம்பெனியில பசை போடறேன், வீட்ல இல்ல" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். தாளை நீட்டினேன்.

அவர் திட்டவில்லை. நெஞ்சில் வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். அதில் ஒரு முள் நகர்ந்து நம்பர் காட்டும்; நெஞ்சு நன்றாக இருந்தால் நம்பர் கூடும். பிறகு என் டிஷ்யூ தாளை எடுத்து, விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தான் மேடம். தப்பா இருக்குமா?"

"ரெண்டு எழுத்து மாறியிருக்கு. ஆனா தெரியுது." நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்திலும் களைப்பு இருந்தது. "ஆம்பூர் பக்கத்துலேர்ந்து வர்றவங்க பாதிப் பேர் வீட்ல சும்மா இருக்கேன்னுதாம்மா சொல்றாங்க. அப்ப நான் வீட்ட பத்தித்தானே கேப்பேன்?"

உடனே பேப்பர் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை. அந்த மாதிரி ஒரு குழாயை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு மாதம், தினமும் நான்கு வேளை ஊதி நம்பரை எழுத வேண்டும். வேலை நாளிலும், லீவு நாளிலும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதனால் என்று எழுத முடியும் என்றார். சந்தேகத்தை எழுதினால் கம்பெனியில் திருப்பி அனுப்புவார்கள் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனியில் ஊத இடம் பாத்ரூம்தான். முதல் நாள் நான் ஊதிவிட்டு வெளியே வந்தால் நாலு பேர் நிற்கிறார்கள்.

"உள்ள இன்னாக்கா சத்தம்? நாயனம் கத்துக்கறியா?"

ஆலங்காயத்துப் பெண்தான் குழாயை வாங்கினாள். "குடு, நானும் ஊதறேன்." ஊதினாள். நானூற்றுப் பத்து. எல்லாரும் கைதட்டினார்கள். சின்னப் பெண், நெஞ்சு நன்றாக இருக்கிறது. அடுத்தவள் ஊதினாள், அதற்கடுத்தவள் ஊதினாள். ஒரு விளையாட்டாகிவிட்டது. கடைசியில் எங்கள் வரிசைக் கோடியில் உட்காருகிற அக்கா ஊதினாள். திமிரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஒரு நாள் இருமி நாங்கள் பார்த்ததில்லை. நூற்றுத் தொண்ணூறு.

"சரியா ஊதுக்கா" என்றாள் ஒருத்தி.

மறுபடியும் ஊதினாள். நூற்று எண்பது. குழாயைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டு, தலைக்குத் துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு அவள் லைனுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் விளையாட்டுக்குக்கூட ஊதக் கேட்கவில்லை. நான் மட்டும் ஊதி எழுதிவந்தேன். ஞாயிறு முந்நூற்றெண்பது. செவ்வாய் முந்நூற்று முப்பது. வெள்ளி இருநூற்று அறுபது. ஞாயிறு மறுபடியும் முந்நூற்றெழுபது. நாலு வாரமும் ஒரே மாதிரி படியிறங்கி ஏறியது.

மாதக் கடைசியில் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து எழுதினார். இரண்டு நாள் கழித்து ரெக்கார்டு அறையில் நம்பர் போட்டு, சீல் வைத்துத் தந்தார்கள். இந்தத் தடவை கட்டத்தில் இரண்டு நம்பர். நாத்தனார் முதல் நம்பரைப் பார்த்ததும், "ஒன்பது போய் பூஜ்யம் வந்திருச்சு. அலர்ஜி ஆஸ்துமா" என்றாள். இரண்டாவது நம்பர் அவளுக்கும் புதிது. ஒய் தொண்ணூற்றாறு. அமெரிக்காவில் அவர்கள் வைத்திருக்கும் புத்தகத்தில் அது இல்லையாம். உலகத்துக்கெல்லாம் பொதுவாக இருக்கிற பட்டியலில் தேடினாள்.

"அண்ணி! வேலை சம்பந்தமா வந்ததுன்னு சொல்றதுக்கே தனியா ஒரு நம்பர். பாருங்க." திரையை என் பக்கம் திருப்பினாள். என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

கேட்டது கிடைத்துவிட்டது. இனி அதை எச்.ஆரில் கொடுக்க வேண்டும். நான்கு நாள் பேப்பர் சாப்பாட்டுப் பைக்குள்ளேயே போய்விட்டு வந்தது. ஐந்தாம் நாள், "இன்னும் எவ்ளோ நாள் அதுக்கு சோறு போடப் போறீங்க?" என்று நாத்தனார் கேட்டபிறகுதான் கொடுத்தேன்.

எச்.ஆர் தம்பி இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்தார். மேனேஜருக்குப் போன் செய்தார். "வெயிட் பண்ணுங்கக்கா" என்றார். இரண்டு வாரம் அதே டேபிளில் உட்கார்ந்து காத்திருந்தேன். யாராவது என் பக்கம் நடந்து வந்தால், அன்ஃபிட் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன், அதற்குள் பசை ஓரம் தாண்டிப் போய்விடும். ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து பேக்கிங். டெம்பரவரி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் பேப்பரும் ஊதுகிற நோட்டும் காட்ட வேண்டும்.

"கவலைப்படாதீங்கக்கா" என்றார் அந்தத் தம்பி, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு. "நல்லாயிட்டீங்கன்னா பழைய எடத்துக்கே போய்டலாம்."

பேக்கிங்கில் இப்போது இரண்டரை மாதம். ஜோடி ஷூவுக்குள் தாளைத் திணித்து, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்று போட்டு, பெட்டியை மூடி, ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். என் பழைய இடத்தில் புதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் போகும்போது நான் பார்க்காமல் போகிறேன். வரிசைக் கோடி அக்காவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், வேலை நாளில் போ, என்ன வேலை என்று சொல்லு என்று. "ரம்ஜான் வரட்டும்" என்கிறாள்.

நம்பர் ஏறிக்கொண்டே வருகிறது. வெள்ளிக்கிழமைகூட இறங்குவதில்லை. இந்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் போனேன்.

"பாப்பா, அடுத்த மாசம் இத காட்டணும். நல்லாயிட்டேன்னு திருப்பி அனுப்பிச்சுட்டா?"

"எடம் மாறினதும் நம்பர் ஏறுதே, அதான் அண்ணி ப்ரூஃப். அந்த எடத்தாலதான் வந்துச்சுன்றதுக்கு."

"உனக்கு ப்ரூஃப். எனக்கு பேஸ்டிங்."

அவள் நோட்டை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்சம் மெதுவாக ஊதிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைக் கேட்கவில்லை. ஆனால் நினைக்காமல் இல்லை. லேசாக ஊதினால் முந்நூறில் நிற்கும். யாருக்கும் தெரியாது, டாக்டருக்குக்கூடத் தெரியாமல் போகலாம். இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும்.

இன்று காலை குழாயை வாயில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குக்கர் சத்தம் போட்டது, போய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் நின்றேன். பிறகு டாக்டர் சொன்ன மாதிரி நெஞ்சு நிறைய இழுத்து, இருக்கிற மட்டும் ஊதினேன். முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. இவ்வளவு நான் ஊதியதே இல்லை. பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி பஸ் ஹாரன் தெருமுனையில் கேட்டது. அப்படியே எழுதிவிட்டு ஓடினேன்.